ஸ்டென்ட் வைப்பதற்கு முன் இதய சீ.ரீ. ஸ்கான்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்தவன். ரேடியோகிராபராகப் பல ஆண்டுகள் சீ.ரீ. இயந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்திருக்கிறேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை எல்லா ஊர்க்காரர்களும் அந்த மேசையில் படுத்திருக்கிறார்கள். படுக்கும்போதும் எழும்பும்போதும் அவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் இதய வைத்தியர்தான் எடுக்க வேண்டும். அவரோடு பேசுவதற்கு முன் விடயத்தை விளங்கிக்கொள்ள இது உதவும்.

இதய சீ.ரீ. ஸ்கானுக்கும் அஞ்சியோகிராமுக்கும் என்ன வேறுபாடு?

அஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடை நாடி வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிக்குள் நேரடியாகச் சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். அடைப்பு இருந்தால், நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையும் அதே மேசையில் வைக்கலாம்.

ஸ்கானில் கை நாளத்தில் ஏற்றும் ஊசி மட்டும்தான். மருந்து இதயத்தை வந்தடையும் நேரம் பார்த்து இயந்திரம் சுழன்று, ஈ.சீ.ஜீ. துடிப்போடு இணைந்து படம் எடுக்கிறது. முடியுரு நாடியின் உள்விட்டம் பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிமீற்றர்தான். ஒரு நெல்மணியின் அகலத்தை விடச் சற்றுக் கூடுதல். அந்தச் சிறிய குழாயை, ஓயாமல் துடிக்கும் உறுப்பின் மேல் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். அதனால்தான் குறைந்தது 64 துண்டுப் படங்களை ஒரே சுற்றில் எடுக்கக்கூடிய இயந்திரம் தேவைப்படுகிறது. தலைக்கும் வயிற்றுக்கும் ஸ்கான் எடுக்கும் எல்லா இயந்திரங்களும் இதற்குப் பொருந்தா.

எப்படியும் அஞ்சியோகிராம் செய்யத்தான் போகிறார்கள். பிறகு எதற்கு ஸ்கான்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அஞ்சியோகிராமில் தெரிவது நாடிக்குள் ஓடும் இரத்தத்தின் நிழல் மட்டும்தான். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் எந்த இடத்தில் ஒடுங்குகிறது என்று அது காட்டும். குழாயின் சுவரை அது காட்டாது. நோயோ சுவருக்குள் இருக்கிறது. கொழுப்பும் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு சுவரின் தடிப்புக்குள் வளர்கிறது. தொடக்கத்தில் நாடி வெளிப்பக்கமாக விரிந்து கொடுப்பதால் உள்ளே ஒடுக்கம் தெரியாமலும் இருக்கலாம். ஸ்கான் இந்தச் சுவரைக் காட்டுகிறது. படிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் தடித்திருக்கிறது, அது மென்மையானதா கல்லாகிவிட்டதா என்பதெல்லாம் நோயாளி கத்லாப் (அஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் அறை) மேசையில் ஏறுவதற்கு முன்பே வைத்தியரின் திரையில் இருக்கும்.

ஆகவே இந்த ஸ்கானை "அடைப்பு இருக்கிறதா" என்று பார்க்கும் பரிசோதனையாக மட்டும் எண்ண வேண்டாம். எங்கே, எவ்வளவு நீளத்துக்கு, எந்தக் கருவியோடு ஸ்டென்ட் வைப்பது என்று முன்கூட்டியே வரைந்து கொடுக்கும் படம் அது. வாசகர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வைக்கும்படி கேட்பேன். அறிக்கையில் எழுதியிருக்கும் "70 வீத ஒடுக்கம்" என்ற வரி அதன் ஒரு சிறு பகுதிதான்.

ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் ஸ்கான் எடுத்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஸ்கான் இல்லாமலே தினமும் ஆயிரக்கணக்கானோருக்கு நல்லபடியாக ஸ்டென்ட் வைக்கப்படுகிறது. ஆனால் நெஞ்சு நோவுக்காக ஏற்கனவே ஸ்கான் எடுத்திருந்தால், அந்தப் படங்களைத் திட்டமிடலுக்குப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீணடிப்பு.

ஸ்டென்டின் நீளத்தையும் அகலத்தையும் எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

ஸ்டென்ட் என்பது பலூனின் மேல் சுருக்கி வைக்கப்பட்ட உலோக வலைக்குழாய். அடைப்பு உள்ள இடத்தில் பலூனை ஊதினால் வலை விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 1977இல் சூரிச் நகரில் அந்திரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாக மனிதரின் முடியுரு நாடியைப் பலூனால் விரித்தபோது வலை எதுவும் இல்லை. விரித்த நாடி மறுபடி சுருங்கியது பெருந்தொல்லையாக இருந்தது. 1986இல்தான் மனிதரின் முடியுரு நாடிக்குள் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. இன்று வைக்கப்படுபவை பெரும்பாலும் மருந்து பூசியவை.

வலையின் இரு முனைகளும் நோயில்லாத சுவரில் அமர வேண்டும் என்பது அடிப்படை விதி. முனை படிவின் நடுவில் அமர்ந்தால் அந்த விளிம்பில் மறுபடி ஒடுக்கம் வரலாம், சில வேளை சுவர் கிழியவும் கூடும். அஞ்சியோகிராம் நிழலில் நல்ல பகுதியாகத் தோன்றும் இடத்தில் ஸ்கான் படிவைக் காட்டுவது உண்டு. அப்போது "18 மில்லிமீற்றர் போதும்" என்று நினைத்த இடத்தில் 28 மில்லிமீற்றர் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வளைந்து நம்மை நோக்கி வரும் நாடி எக்ஸ்ரே படத்தில் குட்டையாகத் தெரியும். கைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பாருங்கள், விரலின் நீளம் தெரியாது. ஸ்கான் முப்பரிமாணப் படம் என்பதால் நாடியை நிமிர்த்தி வைத்து அளக்கலாம். அந்த அடைப்பை முழு நீளத்தில் பார்க்க எக்ஸ்ரே கருவியை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோணம் தெரிந்துவிட்டால் மேசையில் தேடித்தேடி எடுக்கும் படங்கள் குறையும்.

அகலத்தில் மட்டும் ஸ்கானை முழுவதும் நம்பக்கூடாது. ஸ்கான் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் நுணுக்கம் வரைதான் பார்க்கும். நாடிக்குள் செலுத்தும் ஒலியலைக் கருவியும் ஒளிக்கதிர்க் கருவியும் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமானவை. வசதி உள்ள இடங்களில் இறுதி அளவை வைத்தியர் அவற்றால் சரிபார்ப்பார்.

அறிக்கையில் "கல்சியம்" என்று எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஸ்கான் மிக நன்றாகக் காட்டுவது இதைத்தான். வெற்றிலைத் தட்டத்தில் காய்ந்து ஒட்டிப்போன சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள், விரலால் சுரண்டினாலும் வராது. வயதானவர்களிடமும், நீண்ட கால நீரிழிவு உள்ளவர்களிடமும், சிறுநீரக நோய் உள்ளவர்களிடமும் நாடிச் சுவரில் அப்படிக் கல்சியம் இறுகியிருப்பதைக் காணலாம். திரையில் அது எலும்பைப் போல வெள்ளையாக ஒளிரும்.

மாத்தறை அரிசி மூட்டை தூக்கும் வேலை செய்த ஒரு முதியவரின் படம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இடது முன் நாடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, நடுவில் சாயமருந்தின் சிறு புள்ளி, அதைச் சுற்றி இடைவெளியே இல்லாத முழு வெள்ளை வளையம். இப்படிப்பட்ட இடத்தில் வெறும் பலூனை ஊதினால் வளையம் விரியாது. விரியாத வளையத்துக்குள் வைத்த ஸ்டென்டும் அரைகுறையாகவே விரியும். அப்படி விரிந்த ஸ்டென்டில் பின்னர் இரத்தம் உறையவும், மறுபடி ஒடுக்கம் வரவும் வாய்ப்பு அதிகம்.

இது முன்பே தெரிந்தால் வைத்தியர் உரிய கருவியோடு தயாராக இருப்பார். வைரத் துகள் பதித்த சிறு துளைமுனை ஒன்று நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் தடவை அளவில் சுழன்று கல்சியத்தை அராவும். இன்னொரு முறையில் பலூனுக்குள்ளிருந்து அதிர்வலை எழுப்பி வளையத்தில் வெடிப்பு உண்டாக்குவார்கள். சிறுநீரகக் கல் உடைப்பது எல்லோருக்கும் தெரியும், அதே தத்துவம்தான். இந்தக் கருவிகள் எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவது என்பதையே இந்த ஒரு தகவல் மாற்றிவிடக் கூடும். முந்நூறு கிலோமீற்றர் பயணம் செய்து கொழும்புக்குப் போனபிறகு "இதற்கு வேறு இடம் போக வேண்டும்" என்று கேட்பது எவ்வளவு வேதனை என்று நம் ஊர் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கல்சியத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதன் வெளிச்சம் படத்தில் பரவி, ஒடுக்கத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். கல்சியம் மிகுந்த இடத்தில் ஸ்கான் சொல்லும் வீதத்தைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கிளை பிரியும் இடத்தில் அடைப்பு, முழு அடைப்பு என்றால்?

இரண்டிலும் ஸ்கான் பெரிதும் உதவும். கிளை பிரியும் இடத்தில், பெரிய நாடியில் வைக்கும் ஸ்டென்ட் கிளையின் வாயை மூடிவிடுமா என்பது படிவு எந்தப் பக்கம் இருக்கிறது, கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பவற்றில் தங்கியிருக்கிறது. ஒரு ஸ்டென்டா, இரண்டா என்பதை அது தீர்மானிக்கும். முழுதாக அடைபட்ட நாடியில் சாயமருந்து போகாது. அடைப்புக்கு அப்பால் உள்ள வழி அஞ்சியோகிராமில் நேரடியாகத் தெரியாது. ஸ்கான் அந்த வழியின் வளைவையும் நீளத்தையும் கல்சியத்தையும் காட்டும். அடைப்பு 20 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, 45 பாகைக்கு மேல் வளைந்தாலோ கம்பியை ஊடாகச் செலுத்துவது கடினம்.

ஏற்கனவே பைபாஸ் (அடைப்பைச் சுற்றி வேறு குழாய் ஒட்டும்) சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஸ்கானின் பயன் இன்னும் தெளிவு. ஒட்டிய குழாய்கள் எங்கே தொடங்குகின்றன என்று மேசையில் தேடுவதற்கே நேரமும் மருந்தும் செலவாகும். பிரித்தானியாவில் அப்படிப்பட்ட 688 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. முன்கூட்டியே ஸ்கான் எடுத்தவர்களுக்கு அஞ்சியோகிராம் எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது, சாயமருந்தால் வரும் சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது.

ஸ்கானில் அடைப்பு தெரிந்தால் எல்லாவற்றுக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

சம்மாந்துறைப் பக்கத்துப் போடியார் ஒருவர் இதை மிக அழகாகக் கேட்டார். "வாய்க்காலில் மண் விழுந்திருக்கிறது என்பதற்காக உடனே வெட்ட மாட்டோம் தம்பி. கடைசி வரவைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே நீங்கள் அப்படிப் பார்ப்பதில்லையா?"

பார்க்கத்தான் வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஒடுக்கம் இரத்த ஓட்டத்தைப் பெரிதாகக் குறைக்காமல் இருக்கலாம். நடுத்தரமாகத் தெரிவது தசையைப் பட்டினி போடலாம். அஞ்சியோகிராமின்போது மெல்லிய கம்பியால் அடைப்புக்கு முன்னும் பின்னும் அமுக்கத்தை அளந்து இதைக் கண்டுபிடிப்பார்கள். ஸ்கான் படங்களிலிருந்தே கணினியால் அந்த ஓட்டத்தைக் கணிக்கும் முறையும் இப்போது இருக்கிறது. அதில் நாடியின் எந்த இடத்தில் அமுக்கம் விழுகிறது என்பது நிறங்களாகத் தெரியும். ஓர் இடத்தில் சட்டென்று விழுந்தால் அங்கே ஒரு ஸ்டென்ட் நன்மை தரும். நாடி முழுவதும் சிறிது சிறிதாக விழுந்தால் ஸ்டென்ட் வைத்தும் பெரிய பலன் கிடைக்காது.

நோவு கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு அவசரமும் இல்லை. 2020இல் வெளியான, 5179 பேர் பங்குகொண்ட பெரிய ஆய்வில், நிலையான இதய நோய் உள்ளவர்களுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வது, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிடும்போது மரணத்தைக் குறைக்கவில்லை. நெஞ்சு நோ குறைந்தது, நடமாட்டம் இலகுவானது. அதுவும் சிறிய விடயம் அல்ல. ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வது நல்லது. இதயத்தின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொடுக்கும் இடது பிரதான நாடியில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. அவர்களின் கதை வேறு.

இப்போது நெஞ்சு நோ வந்தால் ஸ்கான் எடுக்கப் போகலாமா?

கூடாது. நெஞ்சை அழுத்தும் நோ, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் வந்தால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை உடனே அழையுங்கள். அது இலவசம். அல்லது மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஈ.சீ.ஜீ. எடுத்து, மாரடைப்பு என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்குவார்கள், அல்லது நேரடியாக ஸ்டென்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும் நேரம் அது. "வாயுப் பிடிப்பு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு விடியும் வரை காத்திருந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

ஸ்கான் நாளில் என்ன நடக்கும்?

முதல் நாள் இரவிலிருந்து தேநீர், கோப்பி வேண்டாம். அவை துடிப்பைக் கூட்டும். துடிப்பு நிமிடத்துக்கு 60, 65க்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். கூடுதலாக இருந்தால் மெட்டோப்ரோலோல் போன்ற மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

நாடியை விரியச் செய்ய நாக்கின் கீழ் ஒரு மருந்து வைப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் போன்ற மாத்திரை எடுத்தவருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் இரத்த அமுக்கம் ஆபத்தாக விழும். மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்ல எந்தத் தகப்பனும் கூச்சப்படுவார். நான் எப்போதும் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களாகவே தனியாக அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

பிறகு மூச்சுப் பயிற்சி. "மூச்சை இழுங்கள், பிடியுங்கள்." பத்து விநாடியளவு அசையாமல் இருந்தால் போதும். கல்லடி வாவியில் நாற்பது ஆண்டுகள் முக்குளித்த ஒருவர் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தார், துடிப்பு ஏறிவிட்டது. பாதி மூச்சு போதும் ஐயா என்று மூன்று தடவை பழக்கிய பிறகு, திரையில் 58 என்று வந்து நின்றது. சாயமருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்காது. அரை நிமிடத்தில் அந்தச் சூடு அடங்கிவிடும்.

சீனி வருத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள்? நோன்பு காலத்தில்?

சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் போகாதீர்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் மெட்போர்மின் என்ற சீனி வருத்த மாத்திரையை நிறுத்தத் தேவை வருவதில்லை. செயற்பாடு மிகவும் குறைந்திருந்தால் நிறுத்தச் சொல்வார்கள், சில வேளை ஸ்கானையே தவிர்ப்பார்கள். முன்பு சாயமருந்தால் உடல் தடித்தது, மூச்சு முட்டியது என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பது இந்த மருந்துக்குத் தடையல்ல.

ஸ்கானுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிப்பது முக்கியம். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துச் சகோதரர்கள் றமழானில் திகதி கிடைத்தால், அவசரமில்லாத ஸ்கானைப் பெருநாளுக்குப் பின் மாற்றித் தரும்படி கேட்கலாம். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அவசரம் என்று வைத்தியர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை உங்கள் மௌலவியே சொல்வார்.

கதிர்வீச்சு அதிகமா?

புதிய இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 2 முதல் 5 மில்லிசீவேர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு. இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4. காரணத்தோடு எடுக்கும் ஸ்கானுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கர்ப்பம் என்ற ஐயம் இருந்தால் முதலில் சொல்லுங்கள்.

ஸ்கான் எடுத்தாயிற்று. கொழும்புக்கோ கண்டிக்கோ போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சீடி. அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படங்கள் உள்ள சீடியைக் கொண்டுபோங்கள்.

என் பெரியப்பாவுக்கு நடந்தது இது. அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுபோனோம். சீடி வீட்டில் ஷோகேஸில், கல்யாண சீடிகளோடு இருந்தது. இரவுப் புகையிரதத்தில் போய்ச் சேர்ந்த அன்று காலை வைத்தியர் அறிக்கையை வாசித்துவிட்டு "படங்கள் எங்கே?" என்று கேட்டார். நான், இதே வேலை செய்கிறவன், பதில் இல்லாமல் நின்றேன். அளவுகளை எல்லாம் மேசையில் புதிதாகப் பார்க்க வேண்டியதாயிற்று. பெரியப்பாவுக்கு அப்போதே சிறுநீரகம் சற்றுப் பலவீனம். தேவைக்கு மேல் ஏறிய ஒவ்வொரு மில்லிலீற்றர் மருந்தையும் எண்ணிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கான் எடுத்த இடத்தில் கேட்கும்போது, மெல்லிய துண்டுகளாக உள்ள எல்லாப் படங்களும் வேண்டும் என்று சொல்லுங்கள். சில இடங்களில் தேர்ந்தெடுத்த பத்துப் படங்களை மட்டும் பதிவுசெய்து தருவார்கள். அவற்றை வைத்து அளக்க முடியாது. இன்றைய கணினிகள் பலவற்றில் சீடி போடும் இடமே இல்லை, ஆகவே பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, பழைய ஈ.சீ.ஜீ., கிரியற்றினின் அறிக்கை எல்லாம் அதே பையில் இருக்கட்டும். திகதி குறித்த பின், செய்முறைக்கு முந்தைய கிளினிக்கிலேயே படங்களை ஒப்படைத்துவிடுங்கள். மேசையில் படுத்த பிறகு கொடுப்பதில் பயன் குறைவு.

ஸ்டென்ட் வைத்த பிறகு மறுபடி ஸ்கான் எடுக்கலாமா?

நன்றாக இருப்பவருக்குத் தேவையில்லை. நோ திரும்பினால் வைத்தியர் யோசிப்பார். 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட அகலமுள்ள ஸ்டென்டின் உட்புறத்தை ஸ்கான் ஓரளவு நன்றாகக் காட்டும். அதைவிடச் சிறியவற்றில் உலோகத்தின் வெளிச்சம் உள்ளே நடப்பதை மறைத்துவிடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் இரண்டும் எழுதித் தந்திருந்தால், பல் பிடுங்குவதற்காகக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். மாரடைப்புக்குப் பின் வைத்ததென்றால் பெரும்பாலும் ஓராண்டு இரண்டும் தொடரும். திட்டமிட்டு வைத்ததென்றால் ஆறு மாதமளவு. இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைப் புரட்டிப் பாருங்கள். ஸ்டென்ட் பெட்டியிலிருந்து எடுத்த சிறு ஒட்டுத்தாள் ஒன்று அதில் இருக்கும், அல்லது கையால் எழுதியிருப்பார்கள்: 3.0 × 28 என்பது போல. முதல் எண் அகலம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். ஒட்டுத்தாளின் மை ஓரிரு ஆண்டில் மங்கிவிடும். அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்து, பிள்ளைகள் இருவருக்காவது அனுப்பி வையுங்கள்.